நிரை போன கதை

“பேசிக் அப்படியேதாங்க்கா இருக்கு. சம்பளந்தான் கொறைஞ்சிபோச்சி.”

சித்தி மகள் இதைச் சொன்னபோது அவளுடைய குழந்தைக்கு ஐந்து மாதம். ரஹாங்கில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு சம்பளச் சீட்டுகளை அருகருகே வைத்திருந்தாள். ஒன்று பிரசவத்துக்கு முன்னால் வாங்கியது. மற்றது 98 நாள் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் முழு மாதத்தினுடையது. அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் ஒரே எண்தான். அதற்குக் கீழே உள்ள வரிசைகளில்தான் வெட்டு விழுந்திருந்தது. இரவு ஷிஃப்ட் அலவன்ஸ் இல்லை, மிகைநேரம் இல்லை, அவள் முன்பு பார்த்துவந்த லைனுக்குரிய ஊக்கத்தொகையும் இல்லை. கூட்டிப் பார்த்தால் கைக்கு வருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை.

“என் லைன்ல வேற ஆளப் போட்டுட்டாங்க. என்னைப் பேக்கிங்ல விட்டிருக்காங்க. கேட்டா, ஒனக்கு வசதியா இருக்கட்டும்னுதானே செஞ்சோம்ங்கிறாங்க.”

பாட்டி குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “நிரை போச்சா?”

சித்தி மகளுக்குப் புரியவில்லை. அவள் தோட்டத்தில் பிறக்கவில்லை. எனக்கே சில நொடி பிடித்தது. பாட்டி கேட்ட அந்த இரண்டு சொல்லில் நம் பெண்களின் நூறு வருடக் கூலி வரலாறு கிடக்கிறது என்று பிறகுதான் தோன்றியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

இன்றைக்கு ரஹாங் என்றால் சிரம்பானோடு ஒட்டிப்போன ஒரு நகரப்பகுதி. கடைவீடுகள், பட்டறைகள், சட்டமன்றத் தொகுதியின் பெயர். ஆனால் சிரம்பானைச் சுற்றி எந்தப் பக்கம் கிளம்பினாலும், லாபு, மம்பாவ், சிலியாவ், போர்ட்டிக்சன் சாலை என்று, ஒரு காலத்தில் வண்டி கித்தா மரங்களுக்கு நடுவில்தான் ஓடியிருக்கும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-இல் போட்ட ரயில் பாதை முதலில் ஈயத்தைச் சுமந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு அதே பாதையில் ரப்பர் போனது. பாட்டி வேலை செய்ததும் இந்தச் சுற்றுவட்டாரத்துத் தோட்டம் ஒன்றில்தான். பெயர் வேண்டாம்.

நிரை என்பது பால்வெட்டுக்காரருக்கு ஒதுக்கப்படும் மர வரிசைகள். 400 அல்லது 500 மரம், அதுதான் ஒரு நாள் வேலை. விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். பிறகு மங்குகளில் வடிந்ததை வாளியில் ஊற்றிச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, பால் கொட்டகைவரை தூக்கிப்போக வேண்டும். அங்கே கிராணி நிறுப்பார், பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார், எழுதுவார். கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் தனிக் கணக்கு.

இதில் எல்லா நிரையும் ஒன்றல்ல என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. பால் நன்றாக ஓடுகிற வயதில் உள்ள மரங்கள் ஒரு நிரையில் இருக்கும். இன்னொரு நிரையில் பட்டை தேய்ந்து, ஏணி போட்டு ஏறி வெட்ட வேண்டிய கிழட்டு மரங்கள் இருக்கும். ஒன்று சமதரை, ஒன்று மேடு. நெகிரி செம்பிலான் நிலமோ மேடும் பள்ளமுமானது. ஒன்று கொட்டகைக்குப் பக்கம், ஒன்று அரை மணி நேர நடை. ஒரு நாளைக்கு இன்ன கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அது எல்லாருக்கும் பொது. அதற்குமேல் எடைக்கு வரும் காசுதான் குடும்பத்தை ஓட்டுவது. அந்தக் காசு ஆளின் உழைப்பைவிட நிரையைப் பொறுத்தது. நிரை கொடுப்பது மண்டோர் கையில் இருந்தது, அதற்கும் முந்தைய காலத்தில் கங்காணி கையில்.

பாட்டி சொன்னது இதுதான். நான்காவது பிள்ளைக்கு முன் அவரிடம் நல்ல நிரை இருந்தது. பிள்ளை பெற்றுத் திரும்பியபோது அது வேறொருவர் பேரில் போயிருந்தது. மண்டோர் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. “பச்ச ஒடம்பு, வாளி தூக்காத, கொஞ்ச நாளைக்கு வெளிக்காட்டுக்குப் போ” என்றாராம். வெளிக்காடு என்றால் புல்வெட்டு, உரம் போடுவது, மருந்தடிப்பது. தினக்கூலி வரும், எடைக்காசு வராது. “கூலியக் கொறைக்கலையே. நல்லதுதானே சொன்னான்” என்றார் பாட்டி. அவர் குரலில் கசப்பு இருந்ததா, நகைச்சுவை இருந்ததா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

கூலியைக் குறைக்க யாரும் கூலியைத் தொட வேண்டியதில்லை. ஆளை நகர்த்தினால் போதும். அதையும் ஒரு சலுகைபோலச் செய்யலாம். பாட்டியின் மண்டோரும் சித்தி மகளின் சூப்பர்வைசரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் பேசியிருக்கிறார்கள்.

*

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?

மலாயாத் தோட்டப் பெண்களுக்குப் பேறுகாலச் சட்டம் இல்லாமல் இருந்ததாக நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை வேறு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பிரசவத்தை ஒட்டிப் பெண் தொழிலாளி வேலைக்கு வராமல் இருக்கவும் அந்த நாள்களுக்குத் தோட்டம் உதவித்தொகை கொடுக்கவும் வழி செய்தது. தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பேசும்போதெல்லாம் நாம் மேற்கோள் காட்டுகிறோமே, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று, அதே சட்டத் தொகுப்புதான். பள்ளியை நினைவில் வைத்துக்கொண்டோம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடைத்த காசை மறந்துவிட்டோம்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கையே இயற்றியிருந்தது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம். ஆனால் அது ஆலைக்கும் வணிகத்துக்கும் மட்டும். விவசாயக் கூலிப் பெண்களுக்கு 1921-இல் வெறும் பரிந்துரை ஒன்றுதான் கிடைத்தது. மதராஸ் மாகாணத்திலோ பேறுகாலச் சட்டம் 1934-இல்தான் வருகிறது. அப்படியிருக்க மலாயாத் தோட்டக்காரர்கள் 1923-லேயே இதற்கு இணங்கியது ஏன்?

மனம் இளகியதால் அல்ல. 1922-இல் இந்தியா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. கூலிகளை அனுப்ப வேண்டுமானால் அங்கே நிலைமை இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறும் ஆள் வரத்து நின்றுவிட்டால் தோட்டம் படுத்துவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. ஆள் கொண்டுவரும் செலவுக்காக 1907-லிருந்து முதலாளிகள் குடிநுழைவு நிதிக்குப் பணம் கட்டிவந்தார்கள். லயத்திலேயே பிறந்து லயத்திலேயே வளரும் பிள்ளைக்குக் கப்பல் கட்டணம் கிடையாது. தாயும் சேயும் பிழைத்துக் கிடப்பது தோட்டத்துக்கு இலாபம். ஆயாக் கொட்டகை வந்ததும் இந்தக் கணக்கில்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவியைப் போட்டால் தாய் சீக்கிரம் பால்வெட்டுக்கு வருவாள்.

அந்தக் கணக்குக்கு எதிர்த்திசையில் இன்னொன்று இழுத்தது. கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. தன் கூட்டத்தில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவர் கையில் சேரும். பிரசவத்துக்குப் படுத்திருப்பவள் சட்டத்தின் கண்ணில் உரிமையுள்ளவள். கங்காணியின் கண்ணில் அவள் ஒவ்வொரு நாளும் குறைகிற காசு. சட்டம் கோலாலம்பூரில் இருந்தது, கங்காணி லயத்து வாசலில் இருந்தார்.

சட்டம் பேசாத ஒன்றும் இருந்தது. அது வீட்டில் இருக்கும் நாள்களைப் பற்றிப் பேசியது. திரும்பி வரும் நாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திரும்பி வருகிறவளுக்கு எந்த நிரை என்பது தோட்டத்தின் உள்விவகாரம்.

*

பெண்ணின் கூலியே முதலில் ஆணின் கூலி அல்ல. 1928-இல் சிலாங்கூர் கடலோரம் போன்ற பகுதிகளுக்கு நிர்ணயித்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. 1930-இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது அது 40-ம் 32-ம் ஆனது. ஐந்தில் நாலு பங்கு என்ற விகிதம் மட்டும் மந்தத்திலும் மாறவில்லை, கவனித்தீர்களா? பிள்ளை பெறும் உடம்பு என்பதற்கான கழிவு முன்கூட்டியே கூலியில் பிடிக்கப்பட்டிருந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பலமில்லை, அதனால் குறைவு என்பது அன்றைய நியாயம். நிரையில் மரத்தின் எண்ணிக்கை இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்த இடங்களில் அந்த நியாயம் எப்படி நின்றது என்று தெரியவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் எழுந்தபோது, தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்று வைத்த கோரிக்கைகளில் நமக்கு இன்று ஞாபகம் இருப்பது ஒன்றுதான். தொரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அது நல்ல கோரிக்கை, சினிமாவுக்கும் ஏற்றது. அதே பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, ஒழுங்கான மருத்துவ வசதி இருந்தது, பெண்களிடம் தொரைமாரும் மேலாட்களும் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. கடைசியாகச் சொன்னதும் நிரை விவகாரம்தான். யாருக்கு எந்த நிரை என்று ஒருவன் தன்னிச்சையாக முடிவு செய்யும் இடத்தில், ஒரு பெண்ணிடம் அவன் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு கதை நம் ஊருக்கு வருகிறது. 1946-இல் சிரம்பானில் உருவான நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில்தான் பி.பி. நாராயணனின் தொழிற்சங்க வாழ்க்கை தொடங்குகிறது. கேரளத்தில் பிறந்து இளவயதில் மலாயாவுக்கு வந்தவர். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இடதுசாரிச் சங்கங்கள் ஒடுக்கப்பட்டதும், 1949-இல் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டதும் நடந்து முடிந்த பிறகு எஞ்சி நின்ற மிதவாதச் சங்கங்கள் பல சேர்ந்து 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஆயின. நாராயணன் அதன் பொதுச்செயலாளர். பின்னாளில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக 1975 முதல் 1992 வரை இருந்தவரும் இவர்தான். சிரம்பான்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளலாம்.

1955-இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 1957 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பு. பேறுகால விடுப்பு 60 நாள் என்று நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொன்ன எண் இந்தச் சட்டத்தினுடையது. பாட்டியின் பிள்ளைகள், என் அம்மா உட்பட, இந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தவர்கள்.

அதன் நுணுக்கங்கள் தோட்டத்தில் எப்படி இறங்கின என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். விடுப்பு ஒன்று, உதவித்தொகை இன்னொன்று. தொகை கிடைக்க வேண்டுமானால் பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதங்களில் குறைந்தது 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். பின்னாள் திருத்தங்களின்படி, உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு விடுப்பு உண்டு, காசு கிடையாது. மாதச் சம்பளக்காரிக்கு மாதச் சம்பளம் குறையாமல் வந்தால் கணக்கு முடிந்தது. நாள்கூலிக்கும் எடைக்கும் வேலை செய்பவளுக்கு அப்படி இல்லை. துண்டுக்கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்கச் சட்டத்தில் உள்ள பொது வழி, முந்தைய சம்பளக் காலத்தில் ஈட்டியதை வேலை செய்த நாள்களால் வகுப்பது.

முந்தைய சம்பளக் காலம் என்றால் எது? நிறைமாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேட்டு நிரையில் ஏற முடியாமல் பாதி மரத்தோடு திரும்பிய மாதம். அல்லது கட்டியவன் தன் நிரையை முடித்துவிட்டு வந்து இவள் வாளியையும் தூக்கிக் கொடுத்த மாதம். அவன் தூக்கியதற்குச் செக்ரோலில் எந்தப் பேரும் விழாது. நம் தோட்ட நாவல்களில் பிரசவ வலியை நிறையப் படித்திருக்கிறேன். மழை, இருட்டு, லாரி வராத இரவு, மருத்துவச்சிக் கிழவி எல்லாம் வரும். நான் வாசித்த அளவில் மூன்றாவது மாதத்தின் சம்பளக் கவரை யாரும் பிரித்துக் காட்டவில்லை. அதில் நாடகம் குறைவு என்பதால் இருக்கலாம்.

*

நாள்கூலியா, மாதச் சம்பளமா என்பது மலேசியத் தோட்டத் தொழிலாளரின் நீண்ட சண்டை. மழை பெய்தால் வேலை இல்லை, இலையுதிர்ந்தால் பால் இல்லை, உலகச் சந்தையில் விலை விழுந்தால் போனஸ் இல்லை. இந்த மூன்றையும் சொல்லித்தான் மாதச் சம்பளக் கோரிக்கை மேடைகளில் பேசப்பட்டது. 1990-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு இறங்கியதும் இதற்காகத்தான். மழை, இலையுதிர்காலம், விலை மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நான்காவது காரணம் பெண்ணுக்கு மட்டும் உரியது. மாதச் சம்பளக்காரிக்கு நிறைமாதக் கணக்கு கிடையாது, திரும்பி வரும்போது நிரையும் பெரிய பிரச்சினை கிடையாது. மேடையில் அதிகம் கேட்காத இந்த நான்காவது காரணத்தைப் பாட்டி ஒரு வரியில் சொன்னார்: “மாசச் சம்பளம்னா எந்த மரமா இருந்தா என்ன?”

வேறொரு பக்கத்தில் அடித்தளமே உடைந்துகொண்டிருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான இடங்களில் குத்தகைக்காரர்கள் வந்தார்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவளின் முதலாளி யார்? 90 நாளை யார் கணக்கில் எண்ணுவது? சட்டம் இருந்தது, அதைக் கேட்க எதிரில் ஆள் இல்லை.

பிறகு செம்பனை வந்தது. பிறகு வீடமைப்பு வந்தது. 80-களிலும் 90-களிலும் தோட்டத்துப் பெண்கள் பஸ் ஏறி செனவாங் தொழிற்பேட்டைக்குப் போகத் தொடங்கினார்கள். எண்ணெய் மணக்கும் லயத்திலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்கு, காலில் வெள்ளைச் செருப்பு, தலையில் தொப்பி. அம்மா அந்தத் தலைமுறை. மாதச் சம்பளம் வந்துவிட்டது என்று பாட்டி சந்தோஷப்பட்டாராம்.

வந்த மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் உள்ளே நிரை அப்படியே இருந்தது. அடிப்படைச் சம்பளம் என்பது பழைய தினக்கூலி மாதிரி, எல்லாருக்கும் பொது. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று வந்தது, 2022-இல் 1,500, 2025-இல் 1,700. தொழிற்சாலையின் அடித்தட்டு ஊழியருக்குப் பெரும்பாலும் அடிப்படை அந்த எண்ணைத்தான் ஒட்டி நிற்கும். குடும்பத்தை ஓட்டுவது அதன்மேல் வருவது. இரவு ஷிஃப்ட், மிகைநேரம், விடுப்பு எடுக்காமல் வந்தால் வருகைப் படி, இந்த லைனுக்கு இவ்வளவு, அந்த மெஷினுக்கு இவ்வளவு. ஆளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தினால் இவையெல்லாம் உதிர்ந்துவிடும். மேசை மாற்றுவது நிர்வாகத்தின் உரிமை.

*

நீதிமன்றங்களுக்கு இந்த விஷயம் வேறு வடிவங்களில் போயிருக்கிறது. மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண் ஒருவர் கர்ப்பமானதால் வேலையிழந்து, அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவைச் சொல்லி வழக்காடினார். 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அரசியலமைப்பின் அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தான் பேசும், தனிப்பட்ட ஒப்பந்தத்துக்குள் நுழையாது என்பது அதன் பார்வை. எனக்கு அதில் அதிகம் உறுத்துவது வேறு. அவரை வெளியே அனுப்பிய விதி, சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்திலேயே இருந்தது.

2001-இல் அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் என்ற சொல் சேர்க்கப்பட்டது. அதன் பலன் 2011-இல் தெரிந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தற்காலிக ஆசிரியை ஒருவரின் நியமனம் திரும்பப் பெறப்பட்ட வழக்கில், ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு அரசாங்கம் என்பதால் சமத்துவப் பிரிவு வேலை செய்தது. செனவாங் தொழிற்சாலைகள் அரசாங்கம் அல்ல.

2022-இல் வேலைவாய்ப்புச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 60 நாள் 98 ஆனது. முதலில் மசோதாவில் இருந்தது 90தான், நாடாளுமன்றத்தில் 98 ஆக்கினார்கள். கர்ப்பிணியை அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்வதற்குத் தடை வந்தது. வேறு காரணத்துக்காகத்தான் நீக்கினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்குப் போனது. வேலையில் பாகுபாடு குறித்த தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்க 69F என்ற புதிய பிரிவு வந்தது. எல்லாம் நல்லவை. சித்தி மகள் 98 நாளும் குழந்தையோடு இருந்தது இந்தத் திருத்தத்தால்தான். அவளுடைய அம்மாவுக்கு 60 நாள்தான்.

98 நாள் என்றால் 14 வாரம். இந்த 14 எங்கிருந்து வருகிறது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை, 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது, அதன் நான்காவது பிரிவு. அதே உடன்படிக்கையின் எட்டாவது பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. விடுப்பு முடிந்து வரும் பெண்ணுக்கு அதே பணியோ, அதே சம்பளமுள்ள இணையான பணியோ உறுதி செய்யப்பட வேண்டும் என்பது அதன் பொருள். நாம் நாலாம் பிரிவின் எண்ணை எடுத்துக்கொண்டோம். எட்டாம் பிரிவின் வாக்கியம் நம் சட்டத்தில் அப்படி வந்து உட்காரவில்லை. மலேசியா அந்த உடன்படிக்கையில் சேரவும் இல்லை. நீக்கக் கூடாது என்பது தெளிவாக இருக்கிறது, நகர்த்தக் கூடாது என்பது இல்லை. 1923-இல் இருந்த அதே இடைவெளி.

இது எழுத முடியாத அளவு கடினமான விஷயமா என்றால், இல்லை. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பலன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விடுப்பில் இருப்பவளை நீக்குவதோடு, அவளுடைய பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதையும் சட்டவிரோதம் என்றது. 13-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. கர்ப்ப காலத்தில் கடின வேலை வேண்டாம் என்று கேட்டவளுக்கு இலகுவான வேலை கொடுத்துவிட்டு, அந்த வேலையின் தன்மையைக் காட்டி அவளது வழக்கமான கூலியைக் குறைக்கக் கூடாது என்றது. பாலூட்டும் இடைவேளைக்கும் காசு பிடிக்கக் கூடாது. அந்தச் சட்டம் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் பொருந்தியது. வால்பாறையிலும் நீலகிரியிலும் அது எவ்வளவு தூரம் நடந்தது என்பது தனிக்கதை. ஆனால் ‘பச்ச ஒடம்பு’ என்று சொல்லிக் கூலியைத் தின்பதை ஒரு சட்டம் அடையாளம் கண்டு எழுதி வைத்திருந்தது.

*

இங்கே சம்பளம் குறைக்கப்பட்டவர்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளத்தையோ, நியமனக் கடிதத்தில் எழுதிய நிலையான படியையோ ஒருவர் சம்மதமில்லாமல் குறைத்தால் அது ஒப்பந்த மீறல். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்துப் பாக்கியைக் கேட்கலாம். மீறல் ஒப்பந்தத்தின் வேரையே அறுக்கும் அளவுக்கு இருந்தால், ஊழியர் விலகி, என்னை நீக்கியதற்குச் சமம் என்று வழக்காடலாம். 1988-இல் உச்ச நீதிமன்றம் கேத்தே நிறுவன வழக்கில் இந்த அளவுகோலைத்தான் வகுத்தது. ஆனால் அந்த வழியில் போகிறவர் விலகிய 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறைக்குப் போக வேண்டும், கைக்குழந்தையோடு வேலையில்லாமல் காத்திருக்கவும் வேண்டும். இதைச் சித்தி மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “வேலைய விட்டுட்டுத்தான் நியாயம் கேக்கணுமாக்கா?”

ஷிஃப்ட் அலவன்ஸ் விஷயத்தில் அவளே நேர்மையாக ஒன்றைச் சொன்னாள். இரவு ஷிஃப்ட் இப்போதைக்கு முடியாது, பிள்ளை பால் குடிக்கிறது. அந்தக் காசு போவதை ஏற்றுக்கொள்கிறாள். “ஆனா பகல் ஷிஃப்ட்லயும் என் லைன் ஓடுதே. அதுல ஏன் என்னைப் போடல?” அவளுடைய வழக்கின் கழுத்து இந்தக் கேள்விதான். லைன் ஊக்கத்தொகை நியமனக் கடிதத்தில் இல்லை, பிறகு வந்த ஒரு சுற்றறிக்கையில் இருக்கிறது. மாற்றியதற்கு விடுப்பைத் தவிர வேறு காரணம் இல்லை என்று காட்ட முடிந்தால் 69F வழியாகப் பாகுபாடு என்று கேட்கலாம். பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் வரையறை சொல்லவில்லை. அது பலவீனமாகவும் இருக்கலாம், வாசலாகவும் இருக்கலாம்.

அன்று இரவு நாங்கள் கடிதம் எழுதினோம். விடுப்புக்கு முந்தைய ஆறு மாதச் சீட்டுகள், பிந்தைய ஒரு மாதச் சீட்டு, லைன் சுற்றறிக்கையின் நகல், அவளை மாற்றியதாகச் சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. மலாயில் ஒன்றரைப் பக்கம். முந்தைய மாதச் சீட்டுகளை அவள் வைத்திருந்ததே அதிசயம். பாட்டியின் காலத்தில் கவரில் எழுதியிருந்த கணக்குத்தான், அந்தக் கவரும் அடுப்பில் போய்விடும்.

எழுதி முடித்ததும் பாட்டியிடம் கேட்டேன், “அந்த நிரை அப்புறம் திரும்பக் கெடைச்சிச்சா பாட்டி?”

“எங்க? நாலு வருசத்துல அந்த மரத்தையே வெட்டித் தள்ளிட்டானுங்க. செம்பனை போட்டான்.”

கடிதத்தைச் சித்தி மகள் மறுநாள் காலையில் மனிதவளப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவந்தாள். இன்றோடு 22 நாளாகிறது. அவள் இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள்.